கரியாலூர் மருந்தும் ஹலால் கோழியும்

ஈப்போவிலிருந்து நான் கள்ளக்குறிச்சிக்கு வருகிறேன் என்றால் யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று அர்த்தம். அத்தா போனபோது வந்தேன். அம்மாவுக்கு வந்தேன். அண்ணிக்கு வந்தேன். இந்த முறை மவுத்து எதுவும் இல்லை. என் அண்ணன் இஸ்மாயில் உயிரோடு, நல்ல பசியோடு, முகத்தில் ஒரு சுருக்கம் கூடாமல் இருக்கிறார். ஆட்களைத்தான் மறந்துவிட்டார்.

அவர் மகன் சலீம்தான் போன் போட்டு வரவழைத்தான். "அத்தை, மறதி நோய்க்கு ஒரு மருந்து வந்துருக்கு. பெப்டைடுன்னு பேரு. மலை மேல கரியாலூர்ல ஒரு டாக்டரு ஏத்துறாரு. பத்து நாளு அங்கியே தங்கணும். நான் கடைய வுட்டுட்டு முழுசா இருக்க முடியாது. நீங்க கூட இருந்தா அத்தாவுக்குத் தைரியமா இருக்கும்" என்றான். எங்கள் வீடுகளில் அப்பாவை அத்தா என்போம். என்னையே தெரியாதவருக்கு என்னால் எப்படித் தைரியம் வரும் என்று நான் கேட்கவில்லை. பெப்டைட் என்றால் என்னவென்றும் கேட்கவில்லை. மருந்து என்ற சொல் காதில் விழுந்ததுமே பரண்மேல் இருந்த பெட்டியை இறக்கித் துடைக்க ஆரம்பித்துவிட்டேன்.

சென்னையில் இறங்கி ஏசி பஸ்ஸில் ஏறினேன். திண்டிவனம் தாண்டியதும் ஏசி நின்றுபோனது. ஏசி பஸ் என்பதால் ஜன்னலும் திறக்காது. கண்டக்டரிடம் சொன்னேன். "இவ்ளோ நேரம் சில்லுன்னு வந்தீங்க இல்லம்மா?" என்றார். வந்தது உண்மைதான். முந்தானையால் விசிறிக்கொண்டேன்.

பக்கத்து சீட்டில் உளுந்தூர்பேட்டைக்குப் போகும் ஒரு அம்மா. எதற்கு வந்தேன், எத்தனை பிள்ளைகள், மலேசியாவில் அரிசி என்ன விலை எல்லாம் விசாரித்து முடித்தார். அண்ணன் விஷயத்தைச் சொன்னேன். "எங்க மாமனாருக்கும் இதே கதைதாங்க. நாங்க மருந்து மாத்திரன்னு அலையல. வெளிப்பக்கமா ஒரு தாப்பா வெச்சிட்டோம், அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டு எனக்குப் பாதி கொய்யாப்பழம் கொடுத்தார். எனக்கு அவர்மேல் கோபமாக வந்தது. கொய்யாப்பழத்தைத் தின்றேன்.

கள்ளக்குறிச்சியில் எங்கள் கடை குழாய், ஆணி, பெயிண்ட் விற்கும் ஹார்டுவேர் கடை. அண்ணன் கல்லாவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க, உக்காருங்க. இன்னா வேணும்?" என்றார். பிறந்ததிலிருந்து என்னை 'ஏ புள்ள' என்று கூப்பிட்ட வாய் அது. அவ்வளவு மரியாதையை அவரிடமிருந்து நான் வாங்கியதே இல்லை, வாங்க ஆசைப்பட்டதும் இல்லை. "முக்கால் இஞ்ச் குழாய் இருக்கா?" என்று கேட்டுவைத்தேன். உள்ளே போய் சரியாக எடுத்துக்கொண்டு வந்தார்.

மறுநாள் காலையில் வாடகைக் காரில் மலைக்குக் கிளம்பினோம். முன்சீட்டில் சலீம், பின்னால் அண்ணனும் நானும். டிரைவர் முருகன், கருணாபுரத்துக்காரர். கோமுகி அணைக்கு வந்ததும் அண்ணனுக்குப் பசி. அங்கே ஜிலேபி மீனை மசாலா தடவி எண்ணெயில் போட்டு எடுத்து, மேலே வெங்காயம் தூவி, பேப்பரில் வைத்துத் தருகிறார்கள். ஈப்போவில் மீன் சாப்பிட வேண்டுமென்றால் குளிரூட்டிய கடை, மெனு அட்டை, மேசை துடைக்க ஒரு ஆள். இந்த ருசி மட்டும் அங்கே இல்லை. அண்ணன் ஒரு முள் கூட வாய்க்குப் போகாமல் பிரித்துத் தின்றார். மகனின் பெயரை மறக்கத் தெரிந்த மூளை மீன் முள்ளை மறக்கவில்லை. எதை எடுப்பது எதை விடுவது என்று அந்த நோய்க்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியவில்லை.

கொண்டை ஊசி வளைவுகளில் கார் ஏற ஆரம்பித்ததும் அவருக்குப் படபடப்பு வந்துவிட்டது. "கடைய தொறக்கணும், வண்டிய நிறுத்துங்க" என்று கதவுப் பிடியை இழுத்தார். நான் கையைப் பிடித்தேன். "யாரும்மா நீங்க, கைய வுடுங்க" என்று உதறினார். நல்லவேளையாக அந்த நேரம் பார்த்து கார் எஞ்சினே சூடாகிப் புகைவிட்டது. வண்டி நின்றதும் அவரும் அடங்கினார். எதிரே தலையில் விறகுக்கட்டோடு இறங்கிவந்த ஒரு மலைக்காரப் பெண் எங்களைப் பார்த்துவிட்டு, கட்டை இறக்கி வைத்து, ஊற்று இருக்கும் பாறையைக் காட்டினார்.

முருகன் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, "பெரியவருக்கு இன்னா வைத்தியம்க்கா?" என்று கேட்டார். சொன்னேன். மூடியைத் திருகியபடி, "நல்லா விசாரிச்சீங்களா? எங்க தெருவுல சாராயம் வித்தவனும் நல்ல சரக்குன்னுதான் சொன்னான். எங்கண்ணன் குடிச்சிட்டு வந்து கண்ணு தெர்லடான்னு சொன்னாரு. அவ்ளோதான்" என்றார். கள்ளச்சாராயம் குடித்துக் கொத்துக் கொத்தாகச் செத்த தெரு அது, எந்தச் சாவு என்று அந்த ஊர்க்காரர்களிடம் கேட்கத் தேவையில்லை. சலீமுக்கு முகம் சுண்டிவிட்டது. "அதுவும் இதுவும் ஒண்ணாண்ணே?" என்றான். முருகன், "ஒண்ணுன்னு சொல்லலப்பா" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

டாக்டரின் இடம் கரியாலூரில் அருவிக்குப் போகிற பாதையில் இருந்தது. சுற்றுலாக்காரர்களுக்கென்று கட்டிய விடுதி, ஆள் வராமல் போகவே மருத்துவ இல்லமாகிவிட்டது போல. சுவரில் மான் படம் இன்னும் இருக்கிறது. காற்று மட்டும் சும்மா சொல்லக்கூடாது, ஈப்போ மலைப்பக்கம் கூட இப்படிக் குளிர்ந்த காற்று கிடையாது. இரண்டு கட்டில் போட்ட அறையில் அண்ணனுக்கு ஒரு கட்டில், எங்களுக்குப் பக்கத்தில் ஒரு அறை. நர்ஸ் ஸ்டெல்லா, களமருதூர்ப் பெண், அண்ணன் கையைத் தடவி நரம்பு தேடிக்கொண்டே, "ஐயா, பைப்புக் கடையா வெச்சிருக்கீங்க? எங்க வூட்டு மோட்டாருக்கு ஒரு வாஷர் வேணுமே" என்று பேச்சுக் கொடுத்தது. அவர் எந்த மோட்டார் என்று விசாரித்துக்கொண்டிருக்கும்போதே ஊசி உள்ளே போய்விட்டது.

அவர்களை அங்கே விட்டுவிட்டு நானும் சலீமும் சமையலறைக்குப் போனோம். அதுதான் எங்களுக்கு முக்கியமாகப் பட்டது. ஈப்போவில் பிஸ்கட், பற்பசை, சவுக்காரம் வரைக்கும் ஹலால் முத்திரை இருக்கும். முத்திரையைப் பார்த்தோமா, கூடையில் போட்டோமா என்று பழகிய கண் இது. இங்கே அது கிடையாது, வாயால்தான் கேட்க வேண்டும். "கோழிய யாரு அறுத்தது?" என்று சமையல்காரரைக் கேட்டோம். அவர் மலையாளி என்கிற மலைவாழ் சனத்தைச் சேர்ந்தவர், இந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தவர். "நாந்தாங்க" என்றார் பெருமையாக. அது ஆகாது என்றோம். பாத்திரத்தைக் கழுவச் சொன்னோம். கரண்டியை மாற்றச் சொன்னோம். கடைசியில் அவர் வெள்ளிமலையில் கறிக்கடை வைத்திருக்கும் ஒரு பாயைத் தேடி, உயிர்க்கோழியைப் பையில் போட்டு, பைக்கில் போய் அந்தப் பாய் கையால் அறுத்து வாங்கி வந்தார். சாமைச் சோறும் அந்தக் கோழிக் குழம்பும் அவ்வளவு ருசியாக இருந்தது. இறைவன் பேரால் பிஸ்மி சொல்லி அறுத்த கோழியை அண்ணன் நிம்மதியாகச் சாப்பிட்டார் என்று எனக்கும் நிம்மதி.

இரண்டாம் நாள் டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தார். நாற்பது வயதிருக்கும், பேச்சு தன்மையாக இருந்தது. அடுத்த கட்டிலில் ஆத்தூர்ப் பக்கத்து ரிட்டயர்டு தாசில்தார் ஒருவர், பக்கத்தில் அவர் மனைவி. அந்த அம்மாவுக்குத் திடீரென்று ஒரு சந்தேகம் வந்தது. "சார், நாங்க கவுச்சி தொடாதவங்க. இந்த மருந்து எதுலேர்ந்து எடுக்கறது?"

டாக்டர் மறைக்கவில்லை. "பன்னி மூளைலேர்ந்து எடுக்கறதும்மா. அதுல இருக்கற புரதத்தப் பொடிப்பொடியா உடைச்சு, சுத்திகரிச்சு எடுத்தா, அதுதான் பெப்டைடு. புரதத்தோட சின்னச் சின்னத் துண்டு. கவுச்சி வாடையே இருக்காது." அந்த அம்மா காதைப் பொத்திக்கொண்டு, "ஐயோ முருகா" என்றார். கணவர் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, "அவருக்குச் சரியாகும்னா ஏத்துங்க, சார்" என்றார். அப்புறம்தான் டாக்டர் திரும்பினார். என் தலையில் இருந்த முக்காட்டைப் பார்த்தார். "உங்க பையன்கிட்ட சொல்லியாச்சும்மா" என்றார்.

நேற்று நாங்கள் பாத்திரத்தைக் கழுவச் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் அண்ணன் நரம்புக்குள் அது ஒரு பாட்டில் இறங்கிவிட்டது. அந்தச் சமையல்காரரை அந்தப் பாடு படுத்தினோமே, அவர் முகத்தில் எப்படி விழிப்பது என்றுதான், சிரிக்காதீர்கள், முதலில் நினைத்தேன்.

அன்றைய பாட்டிலை நிறுத்திவைக்கச் சொல்லிவிட்டு, சலீமை வெளியே இழுத்துக்கொண்டு போனேன். அருவிப் பாதையில் ஒரு டீக்கடை. "தெரிஞ்சேதான் ஏத்தச் சொன்னியா?" என்றேன். கண்ணாடி டம்ளரை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "தெரியும் அத்தை. கோழி வாயில போறது. இது நரம்புல போறது. மருந்துன்னு வந்தப்பறம் அதெல்லாம் பாத்தா முடியுமா?"

"அப்ப எங்கிட்ட ஏண்டா சொல்லல?"

"சொன்னா நீங்க வந்துருக்கவே மாட்டீங்க." டம்ளரைக் கீழே வைத்தான். "அத்தாவுக்கு நான் யாருன்னு தெர்ல அத்தை. கடையில வேலை செய்ற பையன்னு நெனச்சிக்கினு, சம்பளம் ஒழுங்கா குடுக்குறாங்களா தம்பின்னு கேக்குறாரு. ஒரே ஒரு தடவ சலீமுன்னு கூப்பிட்டா போதும். அதுக்குப் பன்னி மூள இன்னா, பாம்பு மூளையக் குடுத்தாலும் ஏத்துவேன்." நாற்பது வயது ஆண்பிள்ளை டீக்கடையில் உட்கார்ந்து அழுதான். கடைக்காரர் கேட்காமலே இன்னொரு டீ போட்டு வைத்தார். திட்ட வந்தவள் அந்த டீயை அவன் பக்கம் நகர்த்தினேன்.

ஹஜ்ரத்திடம் கேட்போம் என்றேன். கள்ளக்குறிச்சியில் எங்கள் பள்ளிவாசல் இமாமைத்தான் ஹஜ்ரத் என்போம். மலையில் எல்லா இடத்திலும் சிக்னல் கிடைக்காது. டீக்கடைக்காரர் காட்டிய மேட்டில் பலாமரத்தடியில் நின்றால் மட்டும் இரண்டு கோடு வரும். ஏற்கெனவே அங்கே ஒரு பெண் மிளகு வியாபாரம் பேசிக்கொண்டிருந்தார். அவர் பேசி முடிக்கும்வரை காத்திருந்து, அதே இடத்தில் நின்று ஹஜ்ரத்துக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன்.

கூடாது என்று ஹஜ்ரத் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவார், பழியை அவர் தலையில் போட்டுவிட்டு ஊருக்குக் கிளம்பிவிடலாம் என்று நினைத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. "வேற ஹலாலான மருந்து இல்லைன்னா, நிர்ப்பந்தம்னு வந்துட்டா, மார்க்கத்துல இடம் இருக்குதும்மா. ஆனா நம்பகமான டாக்டரு ஒருத்தரு, இதுல குணம் உண்டுன்னு உறுதியா சொல்லணும். ஏத்தித்தான் பாப்பமேன்றதுக்காக ஹராமத் தொடக்கூடாது. கேட்டீங்களா, குணம் உண்டான்னு?"

கேட்கவில்லை. கோழியை யார் அறுத்தது என்று கேட்டோம். எத்தனை நாள் தங்க வேண்டும், வெந்நீர் வருமா, கட்டிலுக்குக் கம்பி இருக்குமா என்று கேட்டோம். குணமாகுமா என்று சலீம் கேட்கவில்லை, நான் கேட்கவில்லை, தாசில்தார் அம்மாவும் ஆகும்னா ஏத்துங்க என்றாரே தவிர, ஆகுமா என்று கேட்கவில்லை. இவ்வளவு படித்தவர்கள், பார்த்தவர்கள் நடுவில் அதைக் கேட்டது பள்ளிவாசலில் உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர்தான். பதில் என்ன வருமோ என்கிற பயம் எங்களுக்கு இருந்தது, அவருக்கு இல்லை.

மூன்றாம் நாள் காலை நேராக டாக்டர் அறைக்குப் போனேன். "இது நோயை நிறுத்துமா, டாக்டர்?"

"நிறுத்தும்னு சொல்ல முடியாதும்மா. சில நாட்டுல குடுக்கறாங்க, சில நாட்டுல அனுமதியே குடுக்கல. நல்லதுன்னும் சொல்றாங்க, பெருசா ஒண்ணுமில்லன்னும் சொல்றாங்க."

"சலீம் வீடியோவில பாத்தானாமே, மூளையில சேர்ற அழுக்கையே கரைக்கிற மருந்துன்னு."

"அது வேற. அந்தப் பெப்டைட லேப்லயே செய்யறாங்க, பன்னியெல்லாம் கிடையாது. மூளையில புரதம் கட்டி கட்டியா சேருது இல்லையா, அதச் சேரவிடாம பண்றதுக்கு. ஆனா அது இன்னும் எலியத் தாண்டி ரொம்ப தூரம் வரல. ரத்தத்துல போட்டா மூளைக்குப் போறதுக்குள்ள பாதி அழிஞ்சிடும். மீதிய மூளை உள்ள விடாது. அதுக்கு ஒரு வழி கண்டுபிடிக்கணும், கண்டுபிடிப்பாங்க. உங்க அண்ணன் இருக்கும்போதா, தெரியாது."

"அண்ணனுக்கு இதுல குணம் உண்டுன்னு நீங்க சொல்வீங்களா, மாட்டீங்களா?"

அவர் பேனாவை மூடினார். "எங்கப்பாவுக்கும் இதே வியாதிதாம்மா. அவருக்கும் ஏத்தினேன்." என்ன ஆயிற்று என்று நான் கேட்கும்படி வைக்கவில்லை. "மாற்றம் இல்ல. ஆனா ஏதோ பண்ணோம்னு ஒரு நிம்மதி இருந்துச்சு. இங்க வர்றவங்களுக்கும் நான் குடுக்கறது அதுதான்" என்றார்.

அந்த ஆள் பொய் சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்! மோசக்காரன் என்று ஊரெல்லாம் சொல்லியிருப்பேன். கேட்டதற்கெல்லாம் உண்மையைச் சொல்கிறார், யாரும் கேட்காததால் மான் படம் போட்ட கட்டிடத்தில் பாட்டில் பாட்டிலாக ஏற்றிக்கொண்டிருக்கிறார். நிம்மதிக்குப் பன்றி மூளை வேண்டாம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அறைக்கு வந்தால் ஸ்டெல்லா பாட்டிலைக் கம்பியில் மாட்டி வைத்திருந்தது. அண்ணன் கையில் முதல் நாள் போட்ட ஊசிக் குழாய் அப்படியே இருந்தது. சலீம் தலைமாட்டில் நின்றான். டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன். ஹஜ்ரத் சொன்னதையும் சொன்னேன். "வேணாம்டா" என்றேன்.

"நீங்க சொல்லிட்டு ப்ளேன் ஏறிடுவீங்க அத்தை" என்றான். சத்தம் போடவில்லை. "நாளைக்கும் அவரு என்னத் தம்பின்னுதான் கூப்புடுவாரு. அத நான்தான் தினம் கேக்கணும். ஏத்திட்டுக் கேக்குறேன், ஏத்தாம கேக்குறேன், இன்னா வித்தியாசம்? ஏத்திடலாமே. நூத்துல ஒண்ணு இருக்காதா?" ஸ்டெல்லா குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு யார் சொல்வதைக் கேட்பது என்று எங்கள் இருவரையும் பார்த்தது.

அண்ணனும் எங்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னா தம்பி, எதுக்கு அழுவுறீங்க?" என்று மகனைக் கேட்டார்.

"ஒண்ணுமில்ல அத்தா. இந்த மருந்த உங்களுக்கு ஏத்தலாமா வேணாமான்னு பேசிக்கினு இருக்கோம்."

"இதுக்குப் போயா அழுவுறது?" என்று சிரித்தார். "எந் தங்கச்சி மலேசியாவுல இருக்குறா. அவளுக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்க. அவ இன்னா சொல்றாளோ அப்பிடியே பண்ணுங்க."

சலீம் என்னைப் பார்த்தான். நான் போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனேன். அங்கே சிக்னல் இல்லை, இருந்தாலும் யாருக்குப் போடுவது? போனைக் காதில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்து நின்றேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தேன்.

"கேட்டுட்டேன். வேணாம்னு சொல்லிட்டா" என்றேன்.

"அப்ப சரி, கழட்டும்மா" என்று ஸ்டெல்லாவிடம் கையை நீட்டினார். ஸ்டெல்லா சலீமைப் பார்த்தது. அவன் தலையை அசைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். ஊசியை உருவி, பஞ்சை வைத்து அழுத்தி, கட்டைவிரலால் பிடித்துக்கொள்ளச் சொன்னது.

அண்ணன் பஞ்சைப் பிடித்தபடி என்னிடம் கேட்டார். "நீங்க அவளுக்கு ரொம்ப வேண்டியவங்களா? நல்லா இருக்குறாளா?"

"நல்லா இருக்கா" என்றேன்.

"ஒரு தடவ வந்துட்டுப் போகச் சொல்லுங்க. பாத்து ரொம்ப நாளாவுது."

சொல்கிறேன் என்றேன்.